விலை கொடுக்க இயலாதவர்களுக்கு ஒரு மருந்து

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவை ஒட்டி நடைபெற்ற மாணவர் பரிசளிப்பு நிகழ்ச்சியில் நமது பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

மாணவர்களுக்குப் பயன்படும் விதத்தில் ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கையைப் பற்றிப் பேச வேண்டும் என்று செயலாளர் அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். அரபி மதரஸாவில் ஓதியவன் நான். விஞ்ஞானத்தைப் பாடமாகக் கற்றவனல்லன். வாசித்து விளங்கிக்கொண்டதை விளங்கிய அளவிற்கே கூறுகிறேன். விஞ்ஞானி என்றவுடன் ராக்கெட்டும் அணுவும் கணினியும் நம் பிள்ளைகளின் நினைவிற்கு வருகின்றன. நான் தேர்ந்தெடுத்திருப்பவரோ, ஆட்டின் ஈரலில் வாழும் புழுவையும் குதிரையின் தோலில் ஊரும் புழுவையும் ஆராய்வதிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்டவர். அவர் பெயர் வில்லியம் காம்பெல். 2015ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவர்.

காம்பெல் 1930ஆம் ஆண்டு பிறந்தவர். அயர்லாந்து நாட்டின் வடமேற்கு மூலையில், டோனெகால் மாவட்டத்தில், ராமெல்டன் என்னும் சிற்றூரில் வளர்ந்தார். தந்தையார் விவசாயிகளுக்கு வேண்டிய பொருள்களை விற்று வந்த வணிகர். இளம் வயதில் ஒரு விவசாயக் கண்காட்சிக்குச் சென்றபோது, கால்நடைகளின் ஈரலைத் தாக்கும் தட்டைப்புழுவைப் பற்றியும் அதற்குரிய மருந்தைப் பற்றியும் அறிந்தார். அது மனத்தில் தங்கிவிட்டது. பிறகு டப்ளின் நகரின் டிரினிட்டி கல்லூரியில் டெஸ்மண்ட் ஸ்மைத் என்னும் ஆசிரியர் அவருக்கு வாய்த்தார். ஒட்டுண்ணிப் புழுக்களின் பக்கம் தம்மைத் திருப்பியவர் அந்த ஆசிரியரே என்று காம்பெல் பிற்காலத்தில் பலமுறை நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார். (ஆசிரியர்கள் சிலரும் இச்சபையில் இருக்கிறீர்கள், இதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.) அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றுக்கொண்டு, 1957இல் மெர்க் என்னும் மருந்து நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். ஜெர்மனியிலும் இதே பெயரில் ஒரு நிறுவனம் உண்டு. நான் கூறுவது அமெரிக்க நிறுவனத்தை. 1990 வரை, முப்பத்து மூன்று ஆண்டுகள், அங்கேயே பணியாற்றினார்.

அவருடைய வேலை, கால்நடைகளின் குடற்புழுக்களுக்கு மருந்து தேடுவது. மனிதனுக்கு மருந்து தேடுவதைவிடச் சற்றுத் தாழ்ந்த வேலையாக இது தோன்றலாம். ஆனால் ஆடு மாடு வளர்ப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். புழு விழுந்த ஆடு தீனி தின்றாலும் தேறாது. 1960களின் தொடக்கத்தில் வெளிவந்த தயாபெண்டசோல் என்னும் புகழ்பெற்ற குடற்புழு மருந்து தொடர்பான ஆய்வுகளிலும் அவருக்குப் பங்கு உண்டு. பன்றி இறைச்சியின் வழியாக மனிதனுக்குத் தொற்றும் டிரிகினெல்லா என்னும் புழுவைப் பற்றியும் நெடுங்காலம் ஆராய்ந்து, அதுகுறித்து ஒரு பெரிய நூலையும் தொகுத்தளித்தார்.

இனி, நாம் பேசவிருக்கும் மருந்திற்கு வருவோம். அதன் தொடக்கம் அமெரிக்காவிலன்று, ஜப்பானில்.

டோக்கியோவின் கிடசாடோ நிறுவனத்தில் சதோஷி ஓமுரா என்றோர் அறிஞர் இருந்தார். முதலில் இரவுநேர உயர்நிலைப் பள்ளியொன்றில் ஆசிரியராக இருந்தவர். பகலெல்லாம் தொழிற்சாலையில் வேலை செய்துவிட்டு, கையில் எண்ணெய்க் கறை போகாமலே படிக்க வந்த மாணவர்களைக் கண்டு, தாமும் இன்னும் கற்க வேண்டும் என்று மீண்டும் படிக்கப் புறப்பட்டவர். மண்ணிலுள்ள நுண்ணுயிர்களைப் பிரித்தெடுத்து, அவற்றில் மருந்துக்குரிய பொருள் உண்டா என்று தேடுவது அவருடைய துறை. செல்லுமிடமெல்லாம் மண் அள்ளுவதற்காகச் சிறு நெகிழிப் பைகளை உடன் வைத்திருப்பார் என்பார்கள். 1973இல் கிடசாடோவும் மெர்க்கும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. ஓமுராவின் குழு நுண்ணுயிர்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பும். மெர்க் அவற்றைச் சோதிக்கும். அடுத்த ஆண்டு அனுப்பப்பட்ட ஏறத்தாழ ஐம்பது நுண்ணுயிர்களில் ஒன்று, ஷிஜுவோகா மாகாணத்தின் கவானா என்னுமிடத்தில், ஒரு கோல்ஃப் மைதானத்தின் அருகே எடுத்த மண்ணிலிருந்து வந்தது.

காம்பெல் குழுவினர் அந்நுண்ணுயிர்களை வளர்த்த சாற்றை, குடலில் புழு ஏற்றப்பட்ட சுண்டெலிகளின் தீனியில் கலந்து கொடுத்துப் பார்த்தனர். கவானா மண்ணின் சாற்றைத் தின்ற எலியின் குடலில் புழுக்கள் இல்லை. மேலும் ஆராய்ந்தபோது, அச்சாற்றிலிருந்த பொருள் மிகச் சிறிய அளவிலேயே வேலை செய்வது தெரிந்தது. வேதியியலார் அதன் அமைப்பைச் சிறிது மாற்றி இன்னும் பாதுகாப்பானதாக ஆக்கினர். அதுவே ஐவர்மெக்டின். புழுவின் நரம்பிலும் தசையிலும் உள்ள ஒருவகைக் கால்வாயைத் திறந்துவிட்டு அதை அசைய முடியாமல் செய்துவிடுகிறது இம்மருந்து. அந்தக் கால்வாய் மனித உடலில் கிடையாது. மேலும், உரிய அளவில் உட்கொண்டால் நம் மூளைக்குள் இம்மருந்து எளிதில் புகுவதில்லை. புழுவை முடக்கும் மருந்து மனிதனை முடக்காததன் காரணம் இதுவே.

1981இல் கால்நடை மருந்தாக ஐவர்மெக்டின் சந்தைக்கு வந்தது. மாடு, ஆடு, குதிரை என்று எல்லாவற்றிற்கும் பயன்பட்டது. சில ஆண்டுகளில் உலகில் மிகுதியாக விற்பனையாகும் கால்நடை மருந்தாயிற்று. நிறுவனத்திற்குப் பெரும் இலாபம். ஒரு விஞ்ஞானி இத்தோடு நிறைவடைந்திருந்தால் அவரை யாரும் குறைகூறியிருக்க மாட்டார்கள்.

ஆனால் அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே ஆய்வுக்கூடத்தில் ஒரு செய்தி தெரிய வந்திருந்தது. குதிரைகளின் தோலில் ஊரும் ஒருவகை நுண்புழுக்களை இம்மருந்து அழித்துவிடுகிறது. அந்தப் புழுவிற்கு மிக நெருங்கிய இனமொன்று மனிதனின் தோலில் வாழ்வதை அறிந்திருந்தவர் காம்பெல். 1978இன் இறுதியில், ஆராய்ச்சிப் பிரிவின் தலைவராயிருந்த ராய் வஜெலோஸ் என்னும் மருத்துவரிடம், இதை மனிதர்களுக்கும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்ற கோரிக்கையை முன்வைத்தார். அவர் அனுமதியளித்தார்.

மனிதனின் தோலில் வாழும் அந்தப் புழுவால் விளையும் நோய்க்கு ஆற்றுக் குருடு என்று பெயர். நம் நாட்டார் அதிகம் கேள்விப்படாத நோய் ஆகையால் சற்று விரித்துரைக்கிறேன்.

நோயாளிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேற்பட்டோர் ஆப்பிரிக்காவில் வாழ்பவர்கள். நம் அண்டைக் கடலுக்கு அப்பாலுள்ள யமன் நாட்டிலும் உண்டு. தோல் கறுத்துத் தடித்துவிடுவதால் அங்கே இதைக் கருமை என்று பொருள்படும் 'சவ்தா' என்னும் அரபிச் சொல்லால் அழைக்கிறார்கள். வேகமாக ஓடும் ஆற்று நீரில் பெருகும் ஒருவகைக் கரு ஈ, கடிக்கும்போது புழுவின் இளம் பருவத்தை உடலுக்குள் செலுத்திவிடுகிறது. வளர்ந்த புழுக்கள் தோலுக்கடியில் முடிச்சு முடிச்சாகத் தங்கி, பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் வரை உயிர்வாழும். பெண் புழு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஆயிரம் நுண்புழுக்களை ஈனும். அவை தோலெங்கும் ஊரும். அரிப்பு என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் சொல் இதற்குப் போதாது. கல்லாலும் ஓட்டுச் சில்லாலும் உடலைத் தேய்த்துக்கொள்ளும் அளவிற்கு நோவினை, இரவில் உறக்கமின்மை. நுண்புழுக்கள் கண்ணுக்குள் புகுந்து மடியும்போது ஏற்படும் அழற்சியால் கண்ணின் தெளிந்த படலம் பூத்துப்போய், மெல்ல மெல்லப் பார்வை அணைந்துவிடுகிறது.

மேற்கு ஆப்பிரிக்காவின் சில ஆற்றோரக் கிராமங்களில் வயது முதிர்ந்தவர் பலர் பார்வையிழந்தவராக இருந்தனர். நாற்பது வயதிலேயே கண் போய்விட்டால் உழுவது யார்? குருடரான பெரியவர் ஒரு கோலின் நுனியைப் பிடித்திருக்க, மறு நுனியைப் பிடித்து ஒரு சிறுவன் முன்னே நடத்திச் செல்லும் காட்சி அந்த மண்ணின் அன்றாடக் காட்சியாயிருந்தது. அதைச் சிலையாகவும் வடித்து, உலக வங்கியிலும் உலகச் சுகாதார நிறுவனத்திலும் நிறுத்தியிருக்கிறார்கள். பெரியவருக்குக் கண் இல்லை. அச்சிறுவனுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. இன்னொரு கொடுமை, ஆற்றங்கரை நிலந்தான் வளமான நிலம். நோய்க்கு அஞ்சி அந்நிலத்தை விட்டுவிட்டு மக்கள் வறண்ட மேட்டுநிலத்திற்குக் குடிபெயர்ந்தனர். 1974இல் சர்வதேச நிறுவனங்கள் சேர்ந்து ஹெலிகாப்டர் மூலம் ஆறுகளில் மருந்து தெளித்து, ஈயின் புழுப்பருவத்தை அழிக்கும் பெருந்திட்டத்தைத் தொடங்கின. அது பெரும் பயனளித்தது உண்மை. ஆயினும் ஏற்கனவே மனித உடலுக்குள் இருந்த புழுவிற்கு அத்திட்டத்தில் மருந்தில்லை. அன்று கையிலிருந்த மருந்துகளில் ஒன்று நச்சுத்தன்மை மிகுந்தது. மற்றொன்று நுண்புழுக்களை ஒரே நேரத்தில் கொன்று, உடலெங்கும் கடும் எதிர்வினையை ஏற்படுத்தி, சில வேளைகளில் கண்ணையே கெடுத்துவிடக் கூடியது. அதை ஊர் மக்கள் எல்லோருக்கும் எவ்வாறு கொடுப்பது?

இந்த இடத்தில்தான் நம்மில் பலர் கேள்விப்பட்டிராத ஒருவர் வருகிறார். டாக்டர் முஹம்மத் அஸீஸ். இன்றைய பங்களாதேஷ் மண்ணில் பிறந்த மருத்துவர். ஆப்பிரிக்காவில் பணியாற்றிய அனுபவமுடையவர். ஆற்றுக் குருட்டை நூலில் மட்டும் படித்தவரல்லர். மெர்க் நிறுவனத்தில் இருந்த அவர், மனிதர்களுக்கு இம்மருந்தைக் கொடுத்துப் பார்க்கும் முதல் சோதனையை முன்னின்று நடத்தினார். 1981இல் செனகல் நாட்டின் தலைநகர் டக்காரில் அது நடந்தது. மிகமிகச் சிறிய அளவில் தொடங்கி, நோயாளிகளை அருகிலிருந்து கவனித்து, பின்னரே அளவைக் கூட்டினர். தோலிலிருந்து ஊசிமுனையளவு சதையை எடுத்து நுண்புழுக்களை எண்ணிப் பார்த்தபோது, ஒரே ஒரு வேளை மருந்தில் அவை பெருமளவு குறைந்திருந்தன. பழைய மருந்தில் கண்ட கடும் எதிர்வினையும் இல்லை. 1982இல் அம்முடிவுகள் புகழ்பெற்ற லான்செட் மருத்துவ இதழில் வெளியாயின. முதல் பெயர் அஸீஸுடையது. செனகல், பிரான்சு நாட்டு மருத்துவர்களின் பெயர்களும் அதில் உண்டு.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இம்மருந்து தாய்ப்புழுவைக் கொல்வதில்லை. நுண்புழுக்களை அழித்து, தாய்ப்புழு பல மாதங்களுக்குப் புதியவற்றை ஈனாமல் தடுக்கிறது. ஆகவே தாய்ப்புழு முதுமையடைந்து தானாக மடியும் வரை, ஆண்டுக்கு ஒருமுறையேனும், பத்துப் பதினைந்து ஆண்டுகள், ஊரார் எல்லோரும் மாத்திரை உண்டு வர வேண்டும்.

அவ்வளவு மாத்திரைக்கு விலை கொடுப்பது யார்? ஆற்றங்கரைக் குடியானவனிடம் பணமில்லை. அவனுடைய அரசாங்கத்திடமும் இல்லை. நிறுவனம் பணக்கார நாடுகளின் அரசுகளிடமும் உதவி அமைப்புகளிடமும் கேட்டுப் பார்த்தது. வாங்கிக் கொடுக்க ஒருவரும் முன்வரவில்லை. நிறுவனத்திற்குள்ளும் தயக்கங்கள் இருந்தன. ஏழைகளின் நோய்க்கு மருந்து கண்டுபிடித்தால் இலவசமாகக் கொடுக்க வேண்டிவரும் என்ற நிலை உண்டானால், பிற நிறுவனங்கள் அத்தகைய ஆராய்ச்சியையே கைவிட்டுவிடாவா? மனிதர்களுக்குக் கொடுக்கப் போய் ஏதேனும் கேடு விளைந்தால், நன்கு விற்றுக்கொண்டிருக்கும் கால்நடை மருந்தின் பெயரும் கெட்டுவிடாதா? இவற்றை வீணான தயக்கங்கள் என்று நான் கூறமாட்டேன். வியாபாரம் செய்பவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள், உங்களுக்கே புரியும்.

அப்போது நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பிற்கு உயர்ந்திருந்தவர் அதே வஜெலோஸ். 1987 அக்டோபரில் அவர் அறிவித்தார்: ஆற்றுக் குருட்டிற்காக இம்மருந்து தேவைப்படும் அளவிற்கு, தேவைப்படும் காலம் வரை, விலையின்றி வழங்கப்படும். ஆண்டு வரம்பும் இல்லை, அளவு வரம்பும் இல்லை. இதனால் அந்நிறுவனத்திற்கு நற்பெயர் கிடைத்தது. பணக்கார நாட்டுப் பண்ணைகளில் விற்ற கால்நடை மருந்தின் இலாபம் கையில் இருந்ததால்தான் இது இயன்றது என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆயினும், இலாபம் கையில் இருந்தவர்கள் எல்லோரும் இவ்வாறு செய்துவிடவில்லை. அந்த வாக்கு இன்றளவும் காப்பாற்றப்பட்டு வருகிறது. டாக்டர் அஸீஸ் அவர்கள் அதே 1987ஆம் ஆண்டில் வஃபாத்தானார்கள்.

இலவசமாக மருந்து கிடைத்துவிட்டால் வேலை முடிந்துவிட்டது என்று எண்ணிவிட வேண்டாம். துறைமுகத்தில் இறங்கிய பெட்டி, சாலையில்லாத கிராமத்திற்குச் செல்ல வேண்டுமல்லவா? மருத்துவரும் இல்லை, எடை பார்க்கும் கருவியும் இல்லை. அதற்கு ஓர் எளிய வழி கண்டனர். உயரத்தைக் கொண்டே எத்தனை மாத்திரை என்று முடிவு செய்துவிடலாம். அடையாளம் இட்ட ஒரு கோலை நட்டு, அதன் பக்கத்தில் ஆளை நிறுத்திப் பார்த்தால் போதும். ஊரார் தாமே ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். அவர் சிறு பயிற்சி பெற்று, வீடுவீடாகச் சென்று மாத்திரை கொடுத்து, பெயரேட்டில் குறித்துக்கொள்வார். முன்பு குருடரை வழிநடத்த ஒரு கோல். இப்போது குருடாகாமல் காக்க ஒரு கோல். மத்திய ஆப்பிரிக்காவின் சில பகுதிகளில் லோவா என்னும் வேறொரு புழு இரத்தத்தில் மிகுந்திருப்பவர்களுக்கு இம்மருந்து ஆபத்தை விளைவிக்கும் என்பதால், அங்கே தனிக் கவனத்தோடு கொடுக்க வேண்டியிருக்கிறது.

பிள்ளைகள் இதை ஆப்பிரிக்காவின் கதை என்று எண்ணிவிடக் கூடாது. நம் பெரியோர்களுக்கு நரம்புச் சிலந்தி நினைவிருக்கலாம். கிணற்று நீரின் வழியே உடலுக்குள் சென்று, ஓராண்டு கழித்துக் காலில் கொப்புளம் உடைந்து நூல்போல வெளிவரும் புழு. அரபி வைத்தியர்கள் அதை 'மதீனா நரம்பு' என்றார்கள். இப்னு சீனா அவர்கள் தம் கானூன் நூலில் அதை விவரித்திருக்கிறார்கள். தமிழிலும் அரபியிலும் ஒன்றுபோல 'நரம்பு' என்ற சொல்லே வந்து அமைந்திருப்பதை எண்ணி வியந்திருக்கிறேன். அந்நோய்க்கு மருந்தே இல்லை. நீரை வடிகட்டிக் குடிக்கச் செய்தே நம் நாட்டிலிருந்து அகற்றினார்கள். இந்தியாவின் கடைசி நோயாளி 1996இல் ராஜஸ்தானில் காணப்பட்டார். 2000இல் நாடு நோயற்றதாக அறிவிக்கப்பட்டது.

யானைக்கால் நோயும் புழுவால் வருவதே. கொசு அதைப் பரப்புகிறது. அதன் நுண்புழுக்கள் இரவில்தான் இரத்தத்தில் மிகுதியாகத் தென்படும் என்பதால்தான், அரசு ஊழியர்கள் இரவில் வீடுதேடி வந்து இரத்தம் எடுத்தார்கள். இந்நோய்க்கு 2004 முதல் நாடளாவிய முறையில் ஆண்டுக்கொருமுறை மாத்திரை கொடுத்தார்கள். 2018 முதல் வட இந்தியா உள்ளிட்ட சில மாவட்டங்களில், பழைய இரண்டு மருந்துகளுடன் ஐவர்மெக்டினும் மூன்றாவதாகச் சேர்க்கப்பட்டது. இங்கும் எங்கும் எழுந்த இடையூறு ஒன்றே: 'எனக்குத்தான் நோய் இல்லையே, நான் ஏன் மாத்திரை விழுங்க வேண்டும்?' வாங்கிய மாத்திரையை அலமாரியில் வைத்துவிட்டவர்கள் ஏராளம். ஒருவர் உடலில் புழு இருப்பது அவருக்கே பல ஆண்டுகள் தெரியாமல் இருக்கலாம். அவரைக் கடித்த கொசு அடுத்த வீட்டுக் குழந்தையைக் கடிக்கும். ஜப்பானில் மண் அள்ளியவர் முதல் அமெரிக்காவில் எலிக்குத் தீனி வைத்தவர், டக்காரில் நோயாளியின் அருகில் இருந்தவர் வரை அத்தனை பேரின் உழைப்பும், கடைசியில் திண்ணையில் ஒரு குவளைத் தண்ணீரோடு நின்றுபோய்விடுகிறது.

இதற்கு நேர்மாறானதையும் கண்டோம். 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனா பரவியபோது இதே ஐவர்மெக்டின் அந்நோயைத் தீர்க்கும் என்று செய்தி பரவி, உலகெங்கும், நம் நாட்டிலும், பலர் விழுங்கினர். கால்நடைக்குரியதை விழுங்கியவர்களும் உண்டு. முறையாக நடத்தப்பட்ட பெரிய ஆய்வுகள், கொரோனாவிற்கு இதனால் பயனில்லை என்று 2022இல் தெரிவித்தன. தயாரிக்கும் நிறுவனமே, விற்பனை பெருகும் வாய்ப்பிருந்தும், ஆதாரமில்லை என்று 2021இலேயே அறிக்கை விட்டது. வேண்டியபோது விழுங்க மறுப்பதும் வேண்டாதபோது தேடி விழுங்குவதும் மனிதரின் இயல்பு போலும்!

காம்பெல் ஓய்வு பெற்றபின் நியூ ஜெர்சியில் உள்ள டுரூ பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார். புழுக்களை வண்ண ஓவியங்களாக வரைவதிலும் அவற்றைப் பற்றிக் கவிதை எழுதுவதிலும் அவருக்கு விருப்பம் அதிகம். அவ்வோவியங்களை ஏலமிட்டு ஒட்டுண்ணியியல் மாணவர்களின் நிதிக்கு வழங்கினார். 2015 அக்டோபரில் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது அவருக்கு வயது 85. பரிசில் ஒரு பாதி அவருக்கும் ஓமுராவிற்கும். மறு பாதி மலேரியா மருந்து கண்ட சீனப் பெண்மணி தூ யூயூ அவர்களுக்கு. இது பலர் சேர்ந்து செய்த வேலை என்பதைச் சொல்லாமல் காம்பெல் எந்தப் பேட்டியையும் முடித்ததாக நான் காணவில்லை.

தென் அமெரிக்கக் கண்டத்தில் கொலம்பியா 2013இலும் ஈக்வடார் 2014இலும் ஆற்றுக் குருடு ஒழிந்த நாடுகளாக அறிவிக்கப்பட்டன. மெக்சிகோவும் குவாத்தமாலாவும் அடுத்தடுத்துச் சேர்ந்தன. ஆப்பிரிக்காவில் முதலாவதாக, 2025 ஜனவரியில், நைஜர் நாடு அந்நிலையை அடைந்தது. பிற நாடுகளில் மாத்திரை வழங்குதல் தொடர்கிறது. நுண்புழுக்களை இன்னும் நெடுநாள் அடக்கி வைக்கும் மொக்சிடெக்டின் என்னும் மருந்து 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதுவும் தாய்ப்புழுவைக் கொல்வதில்லை. ஒரே வேளையில் தாய்ப்புழுவைக் கொன்று, ஊரார் எல்லோருக்கும் அச்சமின்றிக் கொடுக்கத்தக்க மருந்தை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் எடுத்திருக்கும் பிள்ளைகள் கைதூக்குங்கள், பார்ப்போம். அந்த வேலை இன்னும் யாராலும் முடிக்கப்படாமல் இருக்கிறது.